கேலிக்கும் உண்டு எல்லைக்கோடு

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பத்தை ஒட்டி இருக்கிறது சாந்திபுரம். மாநிலம் ஆந்திரம்தான். ஆனால் ஒரு பக்கம் போனால் கர்நாடகத்தின் கோலார், இன்னொரு பக்கம் போனால் தமிழகத்தின் கிருஷ்ணகிரி. தெலுங்கில் ஆரம்பிக்கும் பேச்சு தமிழில் தொடர்ந்து கன்னடத்தில் முடிந்தால் யாரும் ஆச்சரியப்படாத வட்டாரம். இங்கே ஐ.பி.எல். பருவத்தில் ஒரு சிக்கல் வரும். ஆந்திரத்துக்கென்று ஐ.பி.எல். அணி கிடையாது. ஐதராபாத் அணி தெலுங்கு பேசினாலும் 2014-க்குப் பிறகு அது பக்கத்து மாநிலத்துத் தலைநகரின் அணி, தூரமும் அதிகம். குப்பத்திலிருந்து பெங்களூர் சுமார் 100 கிலோமீட்டர்தான். அதே ரயில் பாதையின் மறுமுனையில் சென்னை. ஆகவே ஒரே தெருவில் மஞ்சள் சட்டையும் சிவப்புச் சட்டையும் ஆரஞ்சுச் சட்டையும் நடமாடும். தோற்ற அணியின் ஆளுக்கு மறுநாள் காலை டீக்கடையில் மூன்று மொழிகளிலும் அர்ச்சனை நடக்கும்.

அந்த அர்ச்சனைக்கு எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. பந்தைத் தவறவிட்டதைச் சொல்லலாம், பத்து வருடமாகக் கோப்பையைத் தொடாததைச் சொல்லலாம், கேப்டனின் மூளையைப் பற்றிக்கூடச் சொல்லலாம். மொழியைச் சொல்லி, சாதியைச் சொல்லி, நிறத்தைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நிற்கும். இல்லையென்றால் கைகலப்பில் முடியும். காரணம் எளிமையானது. கேலி செய்பவனும் கேலிக்கு ஆளானவனும் அடுத்த நாளும் அதே பெஞ்சில் உட்கார்ந்தாக வேண்டும்.

ஐம்பதாயிரம் பேர் கூடும் மைதானத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே கத்துபவனுக்கு முகம் கிடையாது. கூட்டம் என்ற போர்வை இருக்கிறது. கேலி எங்கே முடிகிறது, அவமதிப்பு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி அங்கேதான் சிக்கலாகிறது.

கூட்டத்தின் கேலி ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. கபடிக் களத்தில் பாடிக்கொண்டே போகும் சவாலில் பாதி கேலிதான். திருப்பதிக்கு அருகே சந்திரகிரி மண்டலத்தின் ரங்கம்பேட்டையில் பொங்கலை ஒட்டிக் கனுமா அன்று மாடு விரட்டுகிறார்கள். மாட்டின் கொம்பில் கட்டியிருக்கும் பலகையைப் பறிக்கப் பாய்ந்து மண்ணைக் கவ்வும் இளைஞனுக்குச் சுற்றியிருக்கும் கூரைகளிலிருந்து கிடைப்பது அனுதாபம் இல்லை, விசிலும் ஊளையும்தான். அடுத்த தடவை அவன் பலகையோடு எழுந்தால் அதே கூரைகள் கைதட்டும். வேடிக்கை பார்ப்பவனுக்கும் ஆட்டத்தில் ஒரு பங்கு வேண்டும். கைதட்டலும் கேலியும்தான் அவன் கையில் இருக்கும் இரண்டு சீட்டுகள்.

ஆஸ்திரேலியர்கள் இந்த வேடிக்கைக்காரனுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். ஸ்டீபன் காஸ்காய்ன் என்பவர் சிட்னியில் முயல் கறி விற்றுப் பிழைத்தவர். மைதானத்தின் புல்மேட்டில் உட்கார்ந்து அவர் எழுப்பிய குரல் ஆடுகளத்தின் நடுவரை கேட்குமாம். 'யாப்பா' என்ற பட்டப்பெயரில் நாடறிந்தவர் ஆனார். 1932-33 தொடரில் இங்கிலாந்து கேப்டன் ஜார்டின் மீது ஆஸ்திரேலியாவே கொதித்துக்கொண்டிருந்தது. முகத்தில் மொய்த்த ஈக்களை ஜார்டின் விரட்டியபோது, எங்கள் ஊரில் உனக்கிருக்கும் நண்பர்கள் அந்த ஈக்கள் மட்டும்தான், அவற்றையும் விரட்டாதே என்ற பொருளில் யாப்பா கத்தியதாக ஒரு கதை உண்டு. அந்தத் தொடரின் பகைமை முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆனால் ஜார்டினின் பிறப்பைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. யாப்பா 1942-ல் இறந்தார். 2008-ல் சிட்னி மைதானத்தில், பழைய புல்மேடு இருந்த பகுதியின் இருக்கைகளுக்கு நடுவே, வாயருகே கையைக் குவித்துக் கத்தும் கோலத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

அதே சிட்னி மைதானத்தில் 2021 ஜனவரியில் வேறொரு குரல் எழுந்தது. இந்தியப் பந்துவீச்சாளர் முகமது சிராஜ் எல்லைக்கோட்டருகே நின்றபோது பார்வையாளர் சிலர் அவரை இனத்தைச் சொல்லி ஏசினார்கள். தந்தையை இழந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஊர் திரும்பாமல் அணியுடன் தங்கி ஆடிக்கொண்டிருந்தார். அவர் கேப்டன் ரகானேயிடம் சொன்னார், ரகானே நடுவர்களிடம் சொன்னார். ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. ஆறு பேர் இருக்கையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியம் மன்னிப்புக் கேட்டது. விசாரணையின் முடிவில், இந்திய வீரர்கள் இனவெறி ஏச்சுக்கு ஆளானது உண்மை என்றும், ஆனால் வெளியேற்றப்பட்ட அந்த ஆறு பேர் அதைச் செய்தவர்கள் அல்ல என்றும் வாரியம் தெரிவித்தது. குற்றம் நடந்தது நிச்சயம்; குற்றவாளி யார் என்பது தெரியவில்லை. கூட்டம் என்ற போர்வை அவ்வளவு கனமானது.

சிட்னியின் கதையைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. மும்பை வாங்கடே மைதானத்துக்கும் இதே போல் இரண்டு முகங்கள் இருக்கின்றன.

2006 மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் சச்சின் டெண்டுல்கர் 1 ரன்னில் அவுட் ஆனார். வாங்கடே அவருடைய சொந்த மைதானம். அங்கேயே ஒரு பகுதி ரசிகர்கள் அவரைப் பார்த்து ஊளையிட்டார்கள். நாடே அதிர்ந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2011 ஏப்ரல் 2 அன்று உலகக் கோப்பையை வென்றபோது, சக வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றி வந்ததும் அதே மைதானத்தில்தான்.

2024-ல் ஹர்திக் பாண்டியாவுக்கும் அதே அனுபவம். ஐந்து முறை கோப்பை வாங்கிக் கொடுத்த ரோகித் சர்மாவை நீக்கிவிட்டு மும்பை அணி அவரைக் கேப்டன் ஆக்கியதை ரசிகர்கள் பொறுக்கவில்லை. ஏப்ரல் 1 அன்று வாங்கடேயில் டாஸ் போட வந்தவரை ஊளையிட்டு வரவேற்றார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த சஞ்சய் மஞ்ச்ரேக்கர் கூட்டத்தை ஒழுங்காக நடந்துகொள்ளச் சொல்ல வேண்டி வந்தது. மூன்று மாதத்தில் காட்சி மாறியது. ஜூன் 29 அன்று பார்படோஸில் டி-20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரை வீசி வெற்றியை முடித்து வைத்தவர் ஹர்திக். ஜூலை 4 அன்று அணி வாங்கடேக்கு வந்தபோது மைதானம் அவர் பெயரையே முழங்கியது.

ஏப்ரலில் கத்தியவர்கள் செய்தது சரியா என்று விவாதிக்கலாம். அணி நிர்வாகத்தின் மீதுள்ள கோபத்தை ஆட்டக்காரர் மீது காட்டுவது நியாயமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனாலும் அந்தக் கூச்சலுக்கு ஒரு விடை இருந்தது. விடை ஆட்டத்தில் இருந்தது. டெண்டுல்கர் ஆடிக் காட்டினார். ஹர்திக் வீசிக் காட்டினார். கூட்டம் தன் தீர்ப்பைத் தானே மாற்றி எழுதிக்கொண்டது.

இந்த இரண்டுக்கும் நடுவே, 2007 அக்டோபரில், ஆஸ்திரேலிய அணி இந்தியாவில் ஒருநாள் தொடர் ஆடியது. அதில் ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் இருந்தார். மேற்கிந்தியத் தீவுகளின் வம்சாவழி கொண்டவர். வதோதராவில் அவரைப் பார்த்துக் குரங்கு போலச் சத்தமிட்டார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று முதலில் சமாளிக்கப் பார்த்தார்கள். மும்பையில் நடந்த கடைசி ஆட்டத்தில் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்கள். குரங்கு சேஷ்டை செய்தவர்களின் படங்கள் வெளியாயின. சிலர் மீது போலீஸ் நடவடிக்கை எடுத்தது. சமாளிப்புக்கு அதற்கு மேல் இடமில்லை.

அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் யார் தெரியுமா? சைமண்ட்ஸ்தான். மட்டையால் சொல்லக்கூடிய பதில் எல்லாவற்றையும் அவர் சொல்லிவிட்டார். தொடர் நெடுக ரன் குவித்தார், அவர் அணி தொடரை வென்றது. ஆனாலும் கூச்சல் நிற்கவில்லை. நிற்கவும் நிற்காது. ஏனென்றால் அந்தக் கூச்சல் அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றியதே இல்லை.

எல்லைக்கோடு இங்கேதான் இருக்கிறது. ஆட்டத்தைக் கேலி செய்தால் ஆடுபவன் ஆட்டத்தால் பதில் சொல்லலாம். பிறப்பைக் கேலி செய்தால் அவன் எதைக் கொண்டு பதில் சொல்வான்? சதம் அடித்தால் நிறம் மாறுமா, கோல் போட்டால் சாதி மாறுமா?

கோல் போட்டாலும் மாறாது என்பதற்கு 2021-ல் நம் நாட்டிலேயே சாட்சி கிடைத்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. போனதற்கு முக்கியக் காரணம் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா போட்ட மூன்று கோல்கள். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் போட்ட முதல் இந்தியப் பெண் அவர். ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றது. அன்று ஹரித்வார் அருகே ரோஷனாபாத்தில் அவருடைய வீட்டின் முன் சிலர் பட்டாசு வெடித்து ஆடியதாகவும், தலித்துகள் அணியில் அதிகம் இருந்ததால்தான் தோற்றது என்று ஏசியதாகவும் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். போலீஸ் வழக்குப் பதிந்து கைது செய்தது. அந்தச் சமயத்தில் வந்தனா டோக்கியோவில் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்திலும் கோல் போட்டார்.

தமிழகத்துக்கு இதிலிருந்து விலக்கு உண்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். நிறத்தைப் பற்றிய கேலியை நகைச்சுவை என்று சினிமாவிலும் மேடையிலும் பல்லாண்டுகள் விற்ற சமூகம் இது. இந்திய அணிக்கு ஆடிய சென்னை வீரர் அபினவ் முகுந்த், சிறு வயதிலிருந்தே தன் தோல் நிறத்துக்காகப் பலரும் கேலி செய்ததை 2017 ஆகஸ்டில் பகிரங்கமாக எழுதினார். அணிக்குள் நடந்ததைச் சொல்லவில்லை என்றும் தெளிவாக்கினார். அவருக்கு முந்தைய தலைமுறையின் லெக் ஸ்பின்னர் லட்சுமண் சிவராமகிருஷ்ணனும் 2021-ல், தான் நிறத்துக்காக வாழ்நாள் முழுவதும் பாகுபாட்டைச் சந்தித்ததாகவும், அது சொந்த நாட்டிலேயே நடந்ததாகவும் சொன்னார். இருவரும் நாட்டுக்காக டெஸ்ட் ஆடியவர்கள். இருவரும் பல வருடங்கள் வாய் திறக்காமல் இருந்தவர்கள்.

வேடிக்கைக்குச் சொல்வதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு டேரன் சாமியின் அனுபவத்தைச் சொல்லலாம். இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டன் அவர். ஐ.பி.எல்.லில் ஐதராபாத் அணிக்கு ஆடிய காலத்தில் தன்னையும் இலங்கை வீரர் திசர பெரேராவையும் 'காலு' என்று கூப்பிட்டார்கள் என்றும், அதைப் பாராட்டு என்று நினைத்துத் தானும் சேர்ந்து சிரித்ததாகவும் 2020-ல் அவர் சொன்னார். அந்தச் சொல்லுக்குக் கறுப்பன் என்று பொருள் என்பது பல வருடம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்ததாம். பிறகு, அன்போடுதான் கூப்பிட்டோம் என்று அப்போதைய சக வீரர் ஒருவர் விளக்கியதை ஏற்றுக்கொண்டதாகவும் சொன்னார். கூப்பிட்டவர்கள் மனத்தில் கெட்ட எண்ணம் இல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் அர்த்தம் தெரிந்த பிறகு அவர் சிரிக்கவில்லை. சொல்பவனின் மனத்தை மட்டும் வைத்துக் கேலியை எடை போட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆட்டக்காரர்கள் கோடிக் கணக்கில் வாங்குகிறார்கள், கொஞ்சம் பேச்சும் கேட்டுக்கொள்ளட்டுமே என்பது அடுத்த வாதம். கோடி வாங்குவது ஆடுவதற்கு. மோசமாக ஆடினால் பேச்சு வாங்குவதும் அந்தச் சம்பளத்தில் அடக்கம்தான். பிறந்ததற்காகப் பேச்சு வாங்க யாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை.

ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதில்லையா என்றும் கேட்பதுண்டு. திட்டிக்கொள்கிறார்கள். அங்கேயும் இதே கோடுதான். அமெரிக்க பேஸ்பாலில் 1947-ல், பெரிய லீக் அணியில் கறுப்பினத்தவரே இல்லாத காலத்தை முடித்து வைத்து ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்கு ஆட வந்தார். ஏப்ரலில் பிலடெல்பியா அணியின் மேனேஜர் பென் சாப்மன், தன் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, ராபின்சனை இனத்தைச் சொல்லி விடாமல் ஏசினார். பதில் பேசுவதில்லை என்று ராபின்சன் அணித் தலைவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்காக எதிர்க்குரல் கொடுத்தவர் சக வீரர் எடி ஸ்டாங்கி. ராபின்சனைச் சேர்த்தபோது முகம் சுளித்தவர்களில் அவரும் ஒருவர். திருப்பிப் பேச முடியாதவனைத் தாக்குவது வீரம் இல்லை என்பது அவருக்குக்கூடப் பொறுக்கவில்லை. பேஸ்பாலில் எல்லா விதக் கேலியும் கேட்டுப் பழகியவர் அவர். இது அந்த வகையில் சேராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சில சமயம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கோட்டைத் தாண்டிவிட முடியும். ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர் ஆடம் குட்ஸ் பழங்குடி இனத்தவர். 2013-ல் ஒரு ஆட்டத்தில் தன்னைக் குரங்கு என்று கூப்பிட்ட குரலை அவர் கை நீட்டிக் காட்டினார். கத்தியது 13 வயதுச் சிறுமி. அவளைக் குறை சொல்லாதீர்கள், அவளுக்கு ஆதரவு கொடுங்கள் என்றுதான் குட்ஸ் கேட்டுக்கொண்டார். ஆனால் 2015-ல் மைதானத்துக்கு மைதானம் கூட்டம் அவரை ஊளையிட்டு விரட்டியது. நாங்கள் இனத்தைச் சொல்லவே இல்லையே, ஊளைதானே இட்டோம் என்றார்கள். அந்த ஆண்டே அவர் ஓய்வு பெற்றார். 2019-ல் லீக்கும் அதன் அணிகளும் அவரிடம் மன்னிப்புக் கேட்டன. மன்னிப்பு வந்தபோது அவர் களத்தில் இல்லை.

கூட்டம் என்றாலே இப்படித்தான் என்று கைவிட்டுவிடலாமா? 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் இருந்தவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பாகிஸ்தான் அணி பல ஆண்டுகள் கழித்து டெஸ்ட் ஆட இந்தியா வந்திருந்தது. டெல்லியில் சிவசேனைக்காரர்கள் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. இந்தியாவுக்கு இலக்கு 271. முதுகுவலியோடு டெண்டுல்கர் அடித்த 136 ரன் அணியை வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தது. 254 ரன்னில் அவர் அவுட் ஆனார். அடுத்த 4 ரன்னுக்குள் மீதி மூன்று விக்கெட்டும் போயிற்று. ஜனவரி 31 அன்று 12 ரன் வித்தியாசத்தில் இந்தியா தோற்றது. சில நொடிகள் மைதானம் உறைந்து கிடந்தது. பிறகு கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்து அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1997 மே மாதம், சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 194 ரன் அடித்து அன்றைய உலக சாதனை படைத்தபோதும் எழுந்து நின்ற கூட்டம் அது. நல்ல ஆட்டத்தை இனம் கண்டு மதிப்பது அதற்குப் பழக்கமாகியிருந்தது.

மூன்று வாரத்தில், அதே பாகிஸ்தான் அணி கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஆடியது. டெண்டுல்கர் ஷோயப் அக்தர் மீது மோதி ரன் அவுட் ஆனதும் பாட்டில்கள் பறந்தன. டெண்டுல்கரே மைதானத்தைச் சுற்றிவந்து கூட்டத்தைக் கெஞ்சினார். மறுநாள், பிப்ரவரி 20 அன்று, மறுபடியும் அதே கதை. போலீஸ் சுமார் 65,000 பேரை வெளியேற்றியது. காலியான மைதானத்தில் இந்தியா 46 ரன்னில் தோற்றது. ஆட்டத்தின் மீது கொண்ட ஆத்திரத்தில், ஆட்டத்தைப் பார்க்கும் உரிமையையே கூட்டம் இழந்தது.

இதில் சென்னைக்காரர்கள் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின்போது அதே சேப்பாக்கத்தில் ஆட்டக்காரர்களை நோக்கிக் காலணி வீசப்பட்டது. சென்னை அணியின் மீதி உள்ளூர் ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டன. காவிரிக் கோபம் நியாயமானதாக இருக்கலாம்; காலணி விழுந்த இடத்தில் நின்றவர்களுக்குக் காவிரியோடு சம்பந்தம் இல்லை. ஆமதாபாத்தில் 2023 உலகக் கோப்பையில், அவுட் ஆகித் திரும்பிய பாகிஸ்தானின் முகமது ரிஸ்வானை நோக்கி மத கோஷம் எழுப்பினார்கள். சாமி பெயரைத்தானே சொன்னோம் என்று அதற்கும் ஒரு சமாதானம் உண்டு. கோயிலில் சொன்னால் பக்தி. வேற்று மதத்தவன் தலை குனிந்து போகும் வழியில் நின்று அதையே கத்தினால் அதன் பெயர் வேறு. எந்த ஊர்க் கூட்டமும் பிறவியிலேயே நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அன்றன்று அது என்ன செய்கிறதோ அதுதான் அது.

பிறவியில் வராத குணம் என்றால் எங்கேயோ கற்றுக்கொண்டதாகத்தானே இருக்க வேண்டும்? பெரும்பாலும் கல்லூரி மைதானத்தில்தான்.

அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் ஆட்டங்களுக்கு ஒரு தனி ருசி உண்டு. மைதானங்கள் சிறியவை, பந்து வீசுபவன் காதில் கேலி நேராகவே விழும். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 'பி பிரிவின் மிருகங்கள்' என்று தங்களையே அழைத்துக்கொள்ளும் ஒரு ரசிகர் கூட்டம் 1970-களிலிருந்து இருக்கிறது. எதிரணியை வறுத்தெடுப்பதுதான் வேலை. அவர்களுடைய புகழ்பெற்ற வழக்கம், ஆட்டத்தின் ஐந்தாவது சுற்றில் எழுந்து நின்று கனடா நாட்டு தேசிய கீதத்தைப் பாடுவது. கனடாவுக்கும் அந்த ஆட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதுதான் வேடிக்கை. எதிரணிக்காரனும் சிரித்துவிடுவான். கேலிக்குக் கற்பனை இருந்தால் யாருடைய தோலையும் குலத்தையும் தொட வேண்டிய அவசியமே வராது. கற்பனை வற்றிப்போனவன்தான் எதிரில் நிற்பவனின் நிறத்தில் போய் விழுகிறான்.

தமிழ் உலகத்தில் இதற்கு இணை தேடினால் யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். யாழ். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904-லிருந்து மோதிவரும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு 'வடக்கின் பெரும் போர்' என்று பெயர். அங்கே கல்லூரி என்பது பள்ளிக்கூடம். மார்ச் மாதத்தில் ஆட்டம் நடக்கும் நாட்களில் ஊரே இரண்டாகப் பிரியும். கொடி, பேண்டு வாத்தியம், பாட்டு, எதிர்ப் பாட்டு, பழைய மாணவர்களின் கொட்டகைகள். நிஜப் போர் நடந்த காலத்தில் சில ஆண்டுகள் இந்தப் போர் நின்றுபோனது. 2009-க்குப் பிறகு லண்டனிலிருந்தும் டொரான்டோவிலிருந்தும் விமானம் ஏறி வந்து, தாத்தாக்கள் மறுபடி பையன்களாகிப் பரம்பரை எதிரியைக் கேலி செய்கிறார்கள். சில ஆண்டுகளில் கேலி முற்றிக் கைகலப்பானதும் உண்டு. அதற்காகக் கேலியையே விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு பள்ளியிலும் படித்தவர்கள் ஒரே வீட்டில் சம்பந்திகளாக இருப்பார்கள். சாந்திபுரம் டீக்கடையின் சட்டம்தான் அங்கேயும்.

திருப்பதி, சித்தூர், வேலூர், கிருஷ்ணகிரி என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் கல்லூரிகளுக்கு இடையிலான கபடி, வாலிபால், கிரிக்கெட் ஆட்டங்களுக்கு வருவது ஐந்நூறு பேர், மிஞ்சினால் ஆயிரம். கத்துபவன் யார், எந்த வகுப்பு, எந்த விடுதி என்று பாதிப் பேருக்குத் தெரியும். அங்கே பெண்கள் அணி ஆட வரும்போது ஆட்டத்தை விட்டுவிட்டு அரைக்கால் சட்டையைப் பற்றி எழும் குரலையும், எதிரணி மாணவனின் ஊரை வைத்துச் சாதியைத் தோண்டும் குரலையும் கேட்காதவர்கள் குறைவு. அந்தக் குரலுக்கு முதல் தடவை சிரிப்பு கிடைத்தால் அது அடுத்த ஆட்டத்துக்கும் வரும். முதல் தடவையே பக்கத்தில் இருக்கும் சீனியர் தோளில் தட்டி உட்கார வைத்தால் வராது. அதற்கு ஒரு சட்டமும் கமிட்டியும் தேவைப்படாது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். இனவெறிக் கூச்சலிடுபவரை வெளியேற்றவும் தடை செய்யவும் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் விதிகளில் இடம் உண்டு. கால்பந்தில் ஆட்டத்தை நிறுத்துவது, அணிகளை உள்ளே அழைத்துச் செல்வது, கடைசியில் கைவிடுவது என்று மூன்று படிகள் வைத்திருக்கிறார்கள். எல்லாமே சொல் வெளியே வந்த பிறகு வருபவை. அதிலும் புகார் கொடுக்க வேண்டிய பாரம், ஏச்சு வாங்கியவன் தலையிலேயே விழுகிறது. சிட்னியில் சிராஜ்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது காதில் விழுந்திருக்கும்.

ஆகவே கேள்வி கத்துபவனைப் பற்றியது மட்டுமல்ல. அவனைத் திருத்துவது கடினம். பக்கத்து இருக்கைக்காரர் என்ன செய்கிறார் என்பதுதான் மைதானத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. 1999-ல் சேப்பாக்கத்தில் முதலில் எழுந்து நின்று கைதட்டியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. இரண்டாவதாக எழுந்தவர்தான் அதைக் கூட்டத்தின் கைதட்டல் ஆக்கினார். வசவும் அப்படித்தான் பரவுகிறது. முதல் குரலுக்கு இரண்டாவது குரல் சேரும்வரை அது வெறும் ஒரு ஆளின் பிதற்றல்.

கேலி இல்லாத மைதானம் பரீட்சை ஹால் மாதிரி இருக்கும். அது யாருக்கும் வேண்டாம். கேட்சை விட்டவனைக் கத்தட்டும். வைடு போட்டவனை வறுக்கட்டும். அடுத்த பந்தில் அவன் பதில் சொல்வான், கத்தியவனே கைதட்டுவான். அந்தப் பதிலுக்கு வழி விடாத வார்த்தை வரும்போது மட்டும், அடுத்த இருக்கையில் ஒருவர் திரும்பிப் பார்த்து முறைத்தால் போதும்.